பழைய பெல்லட் அடுப்பு: பாங்கோர் அருகே ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு, 2022–23

பின்னணி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், பாங்கோர் நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் நடந்தது இது. வீட்டில் மூன்று பேர்: நாற்பதுகளில் உள்ள கணவன் மனைவி, மனைவியின் தாயார். கணவர் ஒரு பள்ளியில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். மனைவி செவிலியர். நான் பக்கத்து வீட்டுக்காரன். தொழிற்சாலைக் கொதிகலன்களைப் பராமரிப்பது என் தொழில் என்பதால் தொடக்கத்திலிருந்தே இந்த வேலையில் கூட இருந்தேன். அவர்கள் சம்மதத்துடன், அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

வீடு 1950களில் கட்டிய மரச்சட்ட வீடு. அடித்தளத்தில் எரிபொருள் எண்ணெயில் எரியும் கொதிகலன் இருக்கிறது. அது சூடாக்கும் நீர், சுவரோரம் ஓடும் செப்புக் குழாய்கள் வழியாக அறைகளைச் சூடேற்றும். அமெரிக்காவில் எண்ணெயால் வீட்டைச் சூடாக்கும் குடும்பங்களின் விகிதம் மற்ற எந்த மாநிலத்தையும் விட மெய்னில்தான் அதிகம். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022இல் அந்த எண்ணெயின் விலை ஒரு கேலன் 5 டாலருக்கு மேல் போனது. இந்த வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஏறக்குறைய 690 கேலன் தேவைப்படும். அக்டோபரில் தொட்டியை நிரப்பியபோது கொடுத்த விலை கேலனுக்கு 5 டாலர் 20 சென்ட். அந்த ரசீதைப் பார்த்த அன்று இரவுதான் பெல்லட் அடுப்பு பற்றிய பேச்சு தொடங்கியது.

பெல்லட் அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். மரத்தூளை நன்றாக உலர்த்தி, அதிக அழுத்தத்தில் துளைகளின் வழியே தள்ளினால், மரத்திலேயே உள்ள லிக்னின் இளகிப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். வெளியே வருவது பென்சில் கனத்தில், விரற்கடை நீளத்தில் சிறு உருளைகள். அவைதான் பெல்லட். 40 பவுண்டு (18 கிலோ) பைகளில் விற்பார்கள். 50 பை சேர்ந்தால் ஒரு அமெரிக்க டன். இதை எரிக்கும் அடுப்பு விறகு அடுப்பு போன்றதே அல்ல, ஒரு சிறு எந்திரம். மேலே பெல்லட் கொட்டும் தொட்டி. அதிலிருந்து ஆகர் என்னும் திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் பெல்லட்டை விழவைக்கும். மின்கம்பி இக்னைட்டர் தீ மூட்டும். ஓர் ஊதி புகையை இழுத்து வெளியே தள்ளும், இன்னொன்று சூடான காற்றை அறைக்குள் வீசும். எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் துருத்தி நின்றால் கரி கறுத்துப்போகும் அல்லவா, இங்கேயும் அதே கதைதான். ஒரே வேறுபாடு, துருத்தி காற்றை உள்ளே தள்ளும், இந்த ஊதி புகைப்பக்கமிருந்து இழுக்கும். அடுப்புக்குள் எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் இருப்பதால்தான் புகை அறைக்குள் கசியாமல் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணக்கும் முதல் முடிவும்

ஒரு கேலன் எண்ணெயில் சுமார் 1,38,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பம் உண்டு. பழைய கொதிகலனின் திறனை 80 சதவீதம் என்று வைத்தோம். அக்டோபர் விலையில் வீட்டுக்குள் வந்து சேரும் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 47 டாலர் ஆனது. ஒரு டன் பெல்லட்டில் ஏறத்தாழ 164 லட்சம் பி.டி.யு. அடுப்பின் திறன் 75 சதவீதம், டன் விலை 360 டாலர் என்று போட்டால் அதே வெப்பத்துக்கு 29 டாலர். இரண்டரை டன் எரித்தால் ஒரு குளிர்காலத்தில் 550 டாலர் மிச்சம் என்று கணக்கு சொன்னது.

புதிய அடுப்பின் விலை 3,200 டாலர். நிறுவித் தர ஆள் கிடைக்க ஜனவரி ஆகும் என்றார்கள், அந்த ஆண்டு எல்லோரும் அதையே தேடிக்கொண்டிருந்தார்கள். பழையது வாங்கி நாமே சரிசெய்வோம் என்று கணவர் முடிவெடுத்தார். கையில் கருவியும் அனுபவமும் இருந்தன, நவம்பருக்குள் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. கொதிகலனைக் கழற்றுவதில்லை, அது துணைக்கு இருக்கட்டும் என்று அன்றே பேசிக்கொண்டோம். அது நல்ல முடிவு. அதில் மறைந்திருந்த ஒரு கோளாறு பிப்ரவரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வாங்கப் போன இடத்தில்

அக்டோபர் கடைசி வாரம், அரைமணி நேரப் பயணத் தொலைவில், ஒரு வீட்டுக் கொட்டகையில் அடுப்பு நின்றது. 2007இல் செய்தது. மணிக்கு உச்சபட்சம் 40,000 பி.டி.யு. விற்பவர் அதற்கு முந்தைய ஆண்டு வீட்டைச் சூடாக்க மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போட்டுவிட்டார். "நன்றாக ஓடியது, இடம் அடைக்கிறது, அதனால் தருகிறேன்" என்றார். கேட்ட விலை 500 டாலர், பேசி முடித்தது 350.

புகைக்குழாய் கழற்றியிருந்ததால் எரியவைத்துப் பார்க்க வழியில்லை. அங்கே நாங்கள் பார்த்தவை இவை. முதலில் பின்பக்கத் தகடு: பெல்லட் அடுப்புகளுக்கான ஏ.எஸ்.டி.எம். இ1509 தரத்தின்படி சோதிக்கப்பட்டது என்பதும், சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்பதும் அதில் தெளிவாகப் படிக்க முடிந்தது. தகடு அழிந்த அடுப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். ஊராட்சி அனுமதியும் வீட்டுக் காப்பீடும் அந்தத் தகட்டை வைத்தே நடக்கும். அடுத்து எரிவறை: வெல்டிங் இணைப்புகளில் டார்ச் அடித்துப் பார்த்தோம், விரிசல் இல்லை. கண்ணாடி முழுசாக இருந்தது. உதிரிப்பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன என்பதைக் கைப்பேசியிலேயே உறுதி செய்துகொண்டோம். மின்சாரம் கொடுத்தபோது புகை ஊதி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. ஆகர் சுற்றவே இல்லை. "அதன் மோட்டார் போய்விட்டது, நூறு டாலர் வேலை" என்றார் விற்பவர்.

ஒன்றைச் செய்யாமல் விட்டோம். பின்மூடியைக் கழற்றி வயர்களைப் பார்க்கவில்லை. நான்கு திருகுகள்தான், ஐந்து நிமிட வேலை. இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் பிடித்தது, வண்டியில் ஏற்றிவிட்டோம்.

பிரித்தபோது கண்டவை

கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஆகர் மோட்டாரைத் தனியே கழற்றி மின்சாரம் கொடுத்தால் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஒழுங்காகச் சுற்றியது. கோளாறு மோட்டாரில் இல்லை. தொட்டியில் விட்டுப்போன பெல்லட் கொட்டகை ஈரத்தைக் குடித்து, ஊதி, மறுபடி மரத்தூளாகி, திருகுத்தண்டைச் சுற்றி சிமென்ட் போல் இறுகியிருந்தது. தண்டை உருவி, குழாயைச் சுரண்டி எடுக்க ஒரு பிற்பகல் முழுக்கப் போனது.

இக்னைட்டர் 300 வாட், 120 வோல்ட். நல்ல நிலையில் இருந்தால் மல்டிமீட்டரில் 48 ஓம் அளவில் காட்ட வேண்டும். இது எதுவுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருந்தது. புகை ஊதியின் விசிறி இறக்கைகளைத் துரு தின்றிருந்தது. மரச்சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். ஓராண்டு சாம்பலோடு கிடந்த அடுப்பில் சாம்பல் தங்கிய இடமெல்லாம் சிவந்திருந்தது. கதவிடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்று கேஸ்கெட்டுக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது. நான்கு பக்கமும் இழுத்தோம், கீல் பக்கம் மட்டும் பிடித்தது, மற்ற மூன்று பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த வயரைப் பார்த்தோம்.

அடுப்புக்குள் போதுமான இழுவை இருக்கிறதா என்று காவல் காப்பது வேக்கூம் சுவிட்ச். எரிவறையிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் அதற்கு வரும். இழுவை இருந்தால் சுவிட்ச் மூடி, ஆகருக்கு மின்சாரம் போகும். புகைக்குழாய் அடைத்தாலோ, கதவு திறந்திருந்தாலோ, ஊதி நின்றாலோ இழுவை போய் சுவிட்ச் திறந்துவிடும், பெல்லட் விழுவது நிற்கும். இந்த அடுப்பில் அந்தச் சுவிட்சுக்கு வரவேண்டிய இரண்டு வயர்களையும் பிடுங்கி, ஒரு துண்டு வயரால் ஒன்றோடொன்று இணைத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சுவிட்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதாவது புகைபோக்கி முழுக்க அடைத்துக்கொண்டாலும் பெல்லட் விழுந்துகொண்டே இருக்கும். அரைகுறையாக எரிந்த புகையும் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும், தீ ஆகர் வழியாகத் தொட்டிக்கு ஏறவும் வாய்ப்புண்டு. இப்படி ஒரு வீட்டில் எத்தனை குளிர்காலம் ஓடியதோ.

கணவர் விற்றவரை அழைத்துக் கேட்டார். தனக்கு முன்னால் வீட்டில் இருந்தவர்கள் செய்திருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார் அவர். நான் அதை நம்பினேன். அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அன்று மாலை மனைவி கேட்டார். வேண்டாம் என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். சுவிட்சின் விலை 45 டாலர்தான், மற்றவை எல்லாம் மாற்றக்கூடியவை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை: முன்பிருந்தவர் அதை எதற்காகச் செய்தார்? கோளாறான சுவிட்ச் என்று எண்ணிக் கடந்துவிட்டோம். அந்தக் கேள்விக்கு விடை தேடியிருந்தால் அடுத்த இரண்டு வாரமும் 210 டாலரும் மிஞ்சியிருக்கும்.

புகைக்குழாயும் இடமும்

உதிரிப்பாகங்கள் வருவதற்குள் குழாய் வேலையை முடித்தோம். பெல்லட் அடுப்புக்கு ‘எல்’ வகை இரட்டைச் சுவர்க் குழாய் வேண்டும். விறகு அடுப்புக் குழாயோ எரிவாயுக் குழாயோ போடக் கூடாது. சுவரில் துளை போட்டு நேராக வெளியே நீட்டிவிடுவதுதான் கணவரின் முதல் திட்டம். மலிவு, எளிது, பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். நான் மறுத்ததற்குக் காரணம் மின்வெட்டு. மின்சாரம் போனால் ஊதி நின்றுவிடும், ஆனால் கிண்ணத்தில் உள்ள பெல்லட் இன்னும் சில நிமிடம் எரியும். குழாய் கிடைமட்டமாக இருந்தால் அந்தப் புகைக்கு மேலே போக வழியில்லை, வீட்டுக்குள் திரும்பும். செங்குத்தாகக் கொஞ்சம் உயரம் இருந்தால் சூட்டினாலேயே மேலே இழுபடும். மெய்ன் மாநிலத்தில் மின்வெட்டில்லாத குளிர்காலம் கிடையாது.

எனவே சுவரைத் தாண்டியதும் அடியில் சுத்தம் செய்யும் மூடியுள்ள ஒரு ‘டி’ இணைப்பு, அதிலிருந்து ஐந்து அடி மேலே, உச்சியில் தொப்பி என்று அமைத்தோம். கையேடுகளில் இதற்கு ஒரு கணக்கு முறை உண்டு: கிடைமட்டக் குழாய் அடிக்கு ஒன்று, செங்குத்து அடிக்கு அரை, ஒவ்வொரு ‘டி’ அல்லது செங்கோண வளைவுக்கும் ஐந்து. கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் மூன்று அங்குலக் குழாய்க்குப் பதில் நான்கு அங்குலம். எங்களுக்கு 10க்குள் வந்தது, மூன்றே போதும். எரிவதற்கான காற்றைச் சூடான அறையிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து எடுக்கத் தனிக் குழாயும் போட்டோம். தரைக்குத் தீப்பிடிக்காத பலகை வைத்தோம். கார்பன் மோனாக்சைடு அலாரம், எண்ணால் அளவு காட்டும் வகை, இரண்டு: ஒன்று அடுப்பறையில், இன்னொன்று படுக்கையறைகளுக்கு வெளியே. ஊராட்சி அலுவலர் வந்து இடைவெளிகளை அளந்து பார்த்துக் கையெழுத்திட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகட்டின் படமும் அனுமதிச் சீட்டும் போயின.

முதல் எரிப்பு

நவம்பர் 12, சனிக்கிழமை. புதிய சுவிட்ச், புதிய ஊதி, புதிய இக்னைட்டர், புதிய கேஸ்கெட். ஐந்து நிமிடத்தில் தீ பிடித்தது. நல்ல பெல்லட் தீ வெளிர்மஞ்சளாக, குட்டையாக, துடிப்பாக இருக்கும். இது செம்மஞ்சளாக, நீளமாக, சோம்பலாக ஆடியது. கால்மணியில் கண்ணாடி கறுத்தது. இருபத்தைந்தாவது நிமிடம் ஆகர் நின்று, அடுப்பு தானே அணைந்தது. திரும்பவும் முயன்றோம், அதே போல் நின்றது. மூன்றாவது முறை இன்னும் சீக்கிரம்.

உதிரிப்பாகக் கடைக்குப் போன் செய்தால், ஆகருக்கு மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதென்றால் அடுப்பை இயக்கும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டாக இருக்கலாம் என்றார்கள். 210 டாலர் கொடுத்து வரவழைத்தோம். ஒன்பது நாள் காத்திருப்பு. மாட்டிய பிறகும் அதே இருபத்தைந்து நிமிடம்.

அன்றிரவு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கணவர் களைத்திருந்தார், மாமியாரின் அறை குளிராக இருக்கிறது என்ற கவலை வேறு. "சுவிட்ச்தான் தொல்லை செய்கிறது. சோதனைக்காக ஒரே ஒரு முறை அந்த இரண்டு வயரையும் இணைத்து ஓட்டிப் பார்ப்போமே?" என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குள் கொஞ்சம் மனக்கசப்பு வந்தது உண்மை. ஆனால் அவர் அதைச் சொன்ன கணத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்த அடுப்பின் முன்னால், இதே கோளாறோடு, இதே களைப்போடு வேறொருவர் நின்றிருக்கிறார். அவர் வயரை இணைத்துவிட்டார். அப்படியானால் கோளாறு அப்போதே அடுப்புக்குள் இருந்தது, இன்னும் இருக்கிறது. சுவிட்ச் பொய் சொல்லவில்லை.

அளந்து பார்த்தோம்

மறுநாள் வேலையிடத்திலிருந்து, அழுத்தம் அளக்கும் மேனோமீட்டர் கொண்டுவந்தேன். வேக்கூம் குழாயில் மாட்டி ஊதியை முழுவேகத்தில் ஓட்டினால், இழுவை, நீர் அங்குலம் என்னும் அழுத்த அலகில், 0.12 இருக்க வேண்டும் என்கிறது கையேடு. எங்களுக்கு வந்தது 0.06. சுவிட்ச் திறக்கும் எல்லை 0.05. தீ மூட்டிச் சாம்பல் சேரச்சேர அளவு இறங்கி, சரியாக அந்த எல்லையைத் தொட்டபோது அடுப்பு நின்றது. கண்முன்னால் முள் இறங்குவதைப் பார்த்த பிறகு கணவர் அந்த வயர் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அடைப்பு எங்கே? புகைக்குழாயைக் கழற்றிவிட்டு அளந்தோம், அதே 0.06. ஆக வெளியே இல்லை, உள்ளே. எரிவறையின் பின்சுவரில் செங்கல் போல அச்சிட்ட ஒரு தகடு இருக்கிறது. அதற்குப் பின்னால் புகை கீழிறங்கி ஊதிக்குப் போகும் இரண்டு ஒடுக்கமான வழிகள். சுத்தம் செய்த அன்று அந்தத் தகட்டை நாங்கள் கழற்றவில்லை, அது கழலும் என்றே தெரியவில்லை. இரண்டு திருகுகள் துருவுக்கும் கரிக்கும் அடியில் மறைந்திருந்தன. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, கழற்றினோம். ஒரு வழி முற்றிலும் அடைத்திருந்தது. பல ஆண்டுச் சாம்பல், ஈரம் பட்டுக் கிட்டமாக இறுகி, விரலால் தட்டினால் ஓடு போல ஒலித்தது. மற்றது பாதிதான் திறந்திருந்தது. காற்று உள்ளே வரும் குழாயின் வளைவில் ஓர் எலிக்கூடும் கிடந்தது, கொட்டகையில் கிடந்த ஓராண்டில் கட்டியது.

ரப்பர் சுத்தியலால் பக்கங்களைத் தட்டி, நீளத் தூரிகை விட்டு, சாம்பலுக்கென்றே உள்ள உலோகத் தொட்டி வேக்கூம் கிளீனரால் உறிஞ்சினோம். சாதாரண வேக்கூம் இதற்கு ஆகாது. நுண்சாம்பல் அதன் வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பரவும், அணையாத கங்கு ஒன்று போனால் அதுவே தீப்பிடிக்கும். ஏறக்குறைய ஒரு வாளி சாம்பல் வந்தது. அளந்தால் 0.13.

நவம்பர் 26 மாலை மூட்டிய தீ வெளிர்மஞ்சளாக நின்று எரிந்தது. இரவு பத்து மணி வரை யாரும் அந்த அறையை விட்டு எழுந்துபோகவில்லை. மாமியார் தன் நாற்காலியை அடுப்பின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 23

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வந்த புயலில் மெய்ன் மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. இந்த வீட்டிலும் போனது, அடுப்பு முழுச் சூட்டில் எரிந்துகொண்டிருந்தபோதே. ஊதி நின்றது. நாங்கள் பயந்த நிலைமை அதுதான். செங்குத்துக் குழாய் தன் வேலையைச் செய்தது. தொட்டி மூடிப் பக்கம் லேசான புகை வாசனை வந்தது, அலாரம் இரண்டும் சுழியத்திலேயே நின்றன. பத்து நிமிடத்தில் கிண்ணம் அணைந்தது.

ஆனால் அதன்பின் வீட்டில் சூடு என்று எதுவும் இல்லை. எண்ணெய்க் கொதிகலனுக்கும் மின்சாரம் வேண்டும், பெல்லட் அடுப்புக்கும் வேண்டும். இரண்டு வழி இருக்கிறது என்று நினைத்தது, இந்த ஒரு விஷயத்தில் ஒரே வழியாகிவிட்டது. அன்றிரவு மூவரும் எங்கள் வீட்டில் தங்கினார்கள், என்னிடம் ஜெனரேட்டர் இருந்தது. அடுத்த ஆண்டு அவர்களும் ஒரு சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்கினார்கள்.

பிப்ரவரி 4

2023 பிப்ரவரி 3, 4 தேதிகளில் வடதுருவக் குளிர் இறங்கியது. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வாஷிங்டன் சிகரத்தில் மைனஸ் 47 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 44 செல்சியஸ், பதிவானது. இரவு முழுக்க அடுப்பு உச்சத்தில் ஓடி முன்னறையை இதமாக வைத்தது. காலையில் வடக்குப் பக்கப் படுக்கையறையின் சுவரோரக் குழாய் உறைந்து கிடந்தது.

காரணம் எளியது, அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அறையின் சூட்டைப் பார்த்துக் கொதிகலனை இயக்கும் தெர்மோஸ்டாட் முன்னறையில், அடுப்பிலிருந்து பன்னிரண்டு அடியில் இருக்கிறது. அது இருக்கும் இடம் சூடாக இருந்ததால் கொதிகலனை எழுப்பவே இல்லை. சுடுநீர் ஓடவில்லை. வடக்குச் சுவரில் குழாய்க்குள் நின்ற நீர் உறைந்தது. அடுப்பு நன்றாக வேலை செய்ததுதான் குழாய் உறையக் காரணம். நல்லவேளையாகச் செப்பு வெடிக்கவில்லை. தலைமுடி உலர்த்தியால் மெதுவாகச் சூடேற்றி, இரண்டு மணி நேரத்தில் நீர் ஓடியது. அந்த வாரமே தெர்மோஸ்டாட்டை வடக்குப் படுக்கையறைக்குப் பக்கத்து நடைக்கு மாற்றினோம். கடுங்குளிர் நாட்களில் தேவையில்லாவிட்டாலும் சில மணிக்கொருமுறை கொதிகலன் பம்பு சிறிது நேரம் சுற்றும்படியும் அமைத்தோம்.

செலவும் பலனும்

அடுப்பு 350, உதிரிப்பாகங்கள் 305, குழாய் 420, வெளிக்காற்றுக் குழாய் 60, தரைப்பலகை 150, அலாரமும் அனுமதியும் 70, சாம்பல் வேக்கூம் 110, தேவையே இல்லாத போர்டு 210. மொத்தம் 1,675 டாலர். இதில் எங்கள் நான்கு வாரத்து மாலைகளும் சனி ஞாயிறுகளும் சேரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எரிந்தது இரண்டரை டன், 125 பை, 900 டாலர். எண்ணெய் 690 கேலனிலிருந்து 410க்கு இறங்கியது. எண்ணெய் விலையும் குளிர்காலத்தினூடே குறைந்து, அவர்கள் கொடுத்த சராசரி 4 டாலர் 60 சென்ட். அடுப்பு தின்ற மின்சாரம் 50 டாலர் அளவில். எல்லாம் போக மிச்சம் ஏறத்தாழ 340 டாலர், எதிர்பார்த்த 550 அல்ல. அடுத்த ஆண்டு எண்ணெய் 3 டாலர் 70 சென்ட்டுக்கு வந்தது, பெல்லட் 340 டாலருக்கு. மிச்சம் 140 டாலரைத் தொடவில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் போட்டது திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு கணக்கு சொன்னார். முன்பெல்லாம் எண்ணெய் விலைக்குப் பயந்து வீட்டை 62 ஃபாரன்ஹீட்டிலேயே (17 செல்சியஸ்) வைத்திருந்தார்கள். இப்போது அவருடைய அம்மா உட்காரும் அறை 71 (22 செல்சியஸ்). அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

மறுபடி செய்தால் மாற்றுவது

பின்மூடியை விற்பவரின் கொட்டகையிலேயே கழற்றிப் பார்ப்போம். இணைத்த வயர் தெரிந்திருந்தால் விலையும் இறங்கியிருக்கும். அதைவிட முக்கியமாக, காவல் சுவிட்ச் ஒன்றை யாராவது முடக்கியிருந்தால், அந்தச் சுவிட்ச் எதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைத்தான் முதலில் தேடுவோம்.

முதல் தீ மூட்டுவதற்கு முன்பே மேனோமீட்டர் மாட்டுவோம். சில பத்து டாலருக்கு எளிய ஒன்று கிடைக்கிறது. பாகம் மாற்றிப் பார்க்கும் பேச்சு அளந்த பிறகுதான். புகை போகும் வழி முழுவதையும் கையேட்டின் படத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்து, கழலும் தகடு ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டுத்தான் "சுத்தம் செய்தாயிற்று" என்று சொல்வோம்.

புதியதையும் இன்னொரு முறை கணக்குப் போட்டிருக்க வேண்டும். 75 சதவீதத்துக்குக் குறையாத திறனுள்ள புதிய பெல்லட் அடுப்புகளுக்கு 2023 முதல் கூட்டாட்சி வருமான வரியில் செலவின் 30 சதவீதம், உச்சம் 2,000 டாலர் வரை, கழித்துக்கொள்ள இடமிருந்தது. 2025 இறுதியோடு அது முடிந்தது. பழைய அடுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. 3,200 டாலர் அடுப்பு 2,240க்கு வந்திருக்கும், குழாய்ச் செலவு தனி. கருவியும், துணைக்கு ஓர் ஆளும், பொறுமையும் இல்லாத ஒருவர் என்னிடம் கேட்டால் புதியதையே வாங்கச் சொல்வேன். இந்தக் கணவர், போர்டுக்கு வீணாகக் கொடுத்த பணத்தைத் தவிர்த்துவிட்டால், மறுபடியும் பழையதைத்தான் வாங்குவேன் என்கிறார்.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்பதை அடுப்பு வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பார்ப்போம்.

இப்போதெல்லாம் ஒவ்வோர் ஏப்ரல் இறுதியிலும் அடுப்பை அணைத்த அதே வாரம் தொட்டியைக் காலி செய்து, பின்தகட்டைக் கழற்றி, சாம்பலை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். திருகுகளில் சூடு தாங்கும் பசை தடவியிருப்பதால் கையோடு கழல்கின்றன. அடுப்பின் பக்கவாட்டில், உள்மூடியில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: தேதி, எரித்த பைகளின் எண்ணிக்கை, வேக்கூம் அளவு. 0.13இல் தொடங்கிய அளவு 0.09க்கு இறங்கினால் அந்த வார இறுதியில் தகட்டைக் கழற்றுவது என்று வைத்திருக்கிறார்கள். பழைய துண்டு வயரைக் கணவர் தூக்கிப் போடவில்லை. கறுப்பு டேப்போடு அந்தத் தாளின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார், நாளைக்கு இந்த அடுப்பைத் திறக்கும் யாரும் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கட்டும் என்று.